கச்சான் காற்றும் பதினெட்டு வளைவும்

என் வீட்டுக்காரர் சைக்கிள் ஓட்டத்தில் மலை ஏறி முதல் பத்துப் பேருக்குள் வரவேண்டும் என்று ஊரில் பாதிப்பேர் துஆக் கேட்டார்கள். ஊருக்குப் பேர் வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். நானும் அதையேதான் கேட்டேன், ஆனால் என் எண்ணம் வேறு. பத்துக்குள் வந்தால் அந்த ஓட்டச் சைக்கிளை விட்டுவிடுவதாக அவர் எனக்கு வாக்குத் தந்திருந்தார்.

எழுபதுகள் முடிகிற காலம் அது. அவருக்கு முப்பத்தெட்டு வயது. கல்முனையில் ஒரு நெல் ஆலையில் வேலை. ஆலைக்குப் போகும் பாரச் சைக்கிள் ஒன்று, ஓட்டத்துக்கு மெல்லிய சைக்கிள் ஒன்று என்று வீட்டில் இரண்டு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பும் ஓட்டங்களில் அவரை முந்தியவன் என்று ஒருவனையும் அந்த நாளில் காட்ட முடியாது. பெருநாள் ஓட்டமோ சித்திரை வருஷ ஓட்டமோ, கிண்ணம் எங்கள் அலுமாரிக்குத்தான் வரும். அதில் படிகிற தூசியைத் துடைப்பது என் வேலை.

ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் ஓட்டம் ஒன்று வரும். அதுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்த சனியன். முதல் நாள் கரையிலிருந்து மகியங்கனை வரை சமதரை. அதில் இவர் முன்னுக்கு நிற்பார். இரண்டாம் நாள் மகியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போக வேண்டும். அதில் எங்கேயோ பின்னுக்குப் போய் மறைந்துவிடுவார். மூன்றாம் நாள் அதே வளைவுகளால் இறங்கி அம்பாறைக்கு வருவார்கள். முந்தின வருஷம் அந்த இறக்கத்தில் சைக்கிள் சில்லு சரளைக்கல்லில் சறுக்கி, இவர் மதகுச் சுவரில் அடிபட்டு விழுந்தார். காறை எலும்பு உடைந்தது. ஒரு பக்கத் தோல் முழுக்கப் போய்விட்டது. இன்னும் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் பள்ளம் என்று பிறகுதான் சொன்னார்கள். எனக்கு முதலில் வந்த செய்தி அவர் வென்றுவிட்டார் என்பது. அடுத்தது அவருக்குக் காய்ச்சல் என்பது. மறுநாள் என் கூடப்பிறந்த காக்காவின் வேனில் கட்டோடு வந்து இறங்கியபோதுதான் உண்மை தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து இருப்பவர். என் உம்மாவும் வாப்பாவும் எனக்குக் கட்டித் தந்த வீடு அது. நினைத்திருந்தால் அந்தச் சைக்கிளைத் தூக்கித் தெருவில் வைத்திருக்கலாம். வைத்தால் இவரும் போய் அதற்குப் பக்கத்தில் நிற்பார் என்று பயந்துதான் வைக்கவில்லை. தோளில் கட்டோடு கிடந்தவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டேன்.

“இத எப்ப விடப்போறீங்க மச்சான்?”

கஞ்சியை விழுங்கிவிட்டு முகட்டைப் பார்த்தார். “ஒரே ஒரு தரம் புள்ள. மலையில முதல் பத்துப் பேருக்குள்ள வந்திட்டனெண்டா, அந்த வருஷத்தோட விட்டிருவன்.”

“வராட்டி?”

“வாற மட்டும் வருஷா வருஷம் ஓடுவன்.”

அன்றிலிருந்து நான் நிம்மதியாக உட்கார்ந்த ஞாபகம் இல்லை. தோற்கட்டும் என்று நினைக்கவும் முடியாது, தோற்றால் அடுத்த வருஷமும் அந்த இறக்கம் இருக்கிறது. வெல்லட்டும் என்றால், வெல்வதற்காக இவர் என்னவெல்லாம் செய்வாரோ. சோறு வடிக்கும்போதும் தொழுது சலாம் கொடுக்கும்போதும் மனம் அந்தப் பத்து என்ற எண்ணிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இவரைப் பழக்குகிறவர் என் காக்கா. காக்கா சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. வேன் ஓட்டுவார், வாய் ஓட்டுவார். ஆனால் ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு பெரிய கொள்கை இருந்தது. அதை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“மலையெண்டா என்ன? ஆளப் புடிச்சிப் பின்னுக்கு இழுக்கிற. கச்சான் என்ன செய்யிது? அதையேதான செய்யிது? நம்மளுக்கு அல்லாஹ் மலையத் தரல்ல, கச்சானத் தந்திரிக்கான்.”

ஊரும் ஓம் என்றது. நானும் ஓம் என்றுதான் நினைத்தேன். எங்கள் கரையில் மலைக்கு எங்கே போவது? ஆகக் கூடிய உயரம் பாலத்து முதுகும் குளக்கட்டும்தான். ஆனால் கச்சான் காற்று வந்துவிட்டால் ஊரே சாய்ந்து நடக்கும். மேற்கேயிருந்து சூட்டோடு வரும். கொடியில் போட்ட துணி அடுத்த வளவில் கிடக்கும், பெண்கள் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் முற்றத்தில் நிற்க முடியும். மாவடிப்பள்ளிப் பக்கம் வயலுக்கு நடுவே போகும் தெரு நேரே மேற்குப் பார்த்தது. அதில் கச்சானை எதிர்த்துச் சைக்கிள் மிதிப்பவனுக்கு நெஞ்சு வெடித்துவிடும். இவர் அதில்தான் பழகினார். சைக்கிளின் பின்னால் மணல் மூட்டையும் கட்டியிருந்தார்.

அந்த வருஷம் நோன்பும் கச்சானும் ஒன்றாக வந்தன. இவர் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போவார். நற்பிட்டிமுனைப் பொடியன்கள் இரண்டு பேர் மாறி மாறி முன்னால் போவார்கள். முன்னே போகிறவனின் பின் சில்லுக்கு ஒரு சாண் இடைவெளியில் இவர் தன் முன் சில்லை வைத்துக்கொண்டு, தாடை கைபிடியைத் தொடும் அளவுக்குக் குனிந்து ஒட்டிக்கொண்டே போவார். முன்னே போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான், பின்னால் போகிறவனுக்குப் பாதி மிதிதான். கடைசி மைல் கட்டையில் வெளியே வந்து பாய வேண்டும். கரையில் இவர் வாங்கிய கிண்ணம் எல்லாம் இப்படி வாங்கியதுதான். ஒட்டினால் விடமாட்டார். அட்டை என்று பட்டப்பெயரே இருந்தது.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு வந்து சேர்வார். உதடு வெடித்திருக்கும். கண்ணுக்குள் வயல் புழுதி. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருக்கும்போது தொடை தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். பாவமாகவும் இருக்கும். எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் கஞ்சிக் கோப்பையை ணங்கென்று வைப்பேன்.

“இந்த வருஷம் எப்பிடி?” என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டார்கள். ஆலை முதலாளி பத்துக்குள் நிச்சயம் என்றார். வயது போனவருக்கு மலை ஆகாது என்றார் மீன்காரர். சின்னப் பொடியன்களுக்குத் தொடை இருக்கிறது, இவருக்கு மூளை இருக்கிறது என்றார் காக்கா. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தூக்கத்தில்கூடக் கால் மிதித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு வாய்ப்பு இருக்கிறதோ இல்லையோ, அவர் பக்கத்தில் படுக்கிற எனக்குத் தூக்கத்துக்கு வாய்ப்பில்லை என்று சொல்லியிருப்பேன்.

பெருநாள் முடிந்து ஓட்டம் வந்தது. அதற்கு முந்தின நாள் காக்காவிடம் போய், நானும் வேனில் வருவேன் என்றேன். உம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

“ஆம்புளையள்ற ஓட்டத்துக்குப் பொம்புளைக்கு என்ன வேல? ஊரு என்ன கதைக்கும்?”

“போன வருஷம் ஊரு எனக்கு என்ன கதைச்ச எண்டு பாத்தீங்கதானே உம்மா. வெண்டிட்டாரெண்டு கதைச்ச. இந்தத் தரம் என்ட கண்ணால எண்ணிப் பாக்கப் போறன்.”

காக்கா எண்ணினால் பன்னிரண்டும் பத்தாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சமதரை, இவர் மூன்றாவதாக வந்தார். நான் வேனுக்குள் இருந்து தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பினேன். இரண்டாம் நாள் காலையில் மகியங்கனையில் ஓட்டம் தொடங்கியதும் காக்கா வேனை முன்னால் விட்டார். வளைவுகள் தொடங்கின. நான் அதற்கு முன் மலையைத் தூரத்தில் நீலமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் வேன் உறுமிக்கொண்டு திரும்பும்போது பள்ளத்தைப் பார்த்து அல்லாஹ்வே அல்லாஹ்வே என்றேன். எந்த மதகில் போன வருஷம் விழுந்தார் என்று நான் கேட்கவில்லை. காக்காவும் காட்டவில்லை.

பாதிக்கு மேல் ஒரு வளைவில் வேனை ஓரங்கட்டி இறங்கினோம். அங்கே நின்றால் கீழே நாலைந்து வளைவு ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். வேறு ஊர்க்காரர்களும் நின்றார்கள். பெண் என்று நான் ஒருத்திதான். நான் தெருவோரம் இரண்டடி போவேன், திரும்பி வருவேன். காக்கா இரண்டு தரம் என்னை உட்காரச் சொன்னார்.

கீழே வந்தார்கள். முன்னால் ஒரு மலைநாட்டுப் பொடியன். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. இருக்கையை விட்டு எழும்பி நின்று மிதிக்கிறான், பிறகு உட்காருகிறான், வளைவுக்கு வளைவு பாய்கிறான். அவனுடைய பின் சில்லுக்கு ஒரு சாண் தள்ளி என் வீட்டுக்காரர். குனிந்து, தாடையைக் கைபிடியில் வைத்துக்கொண்டு, மாவடிப்பள்ளித் தெருவில் போவது போலவே.

“பாத்தியா! ரெண்டாவது!” காக்கா குதித்தார். “ஒட்டுங்க மச்சான், உட்டுடாதீங்க!”

எனக்கும் நெஞ்சு குதித்தது. ஆனால் அடுத்த வளைவில் அவருடைய முகம் தெரிந்தது. வாய் பிளந்திருந்தது. வாயின் ஓரம் வெள்ளையாக நுரை. பொடியன் பாய்ந்தால் இவரும் பாய்கிறார், அவன் மெதுவானால் இவர் சில்லில் முட்டாமல் தடுமாறுகிறார். கரையில் பின்னால் ஒட்டி ஓடுகிறவருக்கு இப்படி மூச்சு வாங்காது. முன்னே போகிறவன்தான் வாடுவான். இங்கே முன்னே போகிறவன் சிரித்துக்கொண்டு போகிறான், பின்னால் போகிறவர் செத்துக்கொண்டு போகிறார்.

என்ன வித்தியாசம், என்ன வித்தியாசம் என்று மனம் அடித்துக்கொண்டது. அப்போதுதான் என் கைகளைக் கவனித்தேன். இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒரு கையில் போத்தல்கூட இல்லை. ஊரில் அந்த மாதத்தில் வெளியே நின்றால் ஒரு கை எப்போதும் முக்காட்டில் இருக்கும். இங்கே நான் பிடிக்காமலே முக்காடு தலையில் அப்படியே இருந்தது, அதன் கரைகூட அசையவில்லை. மலை காற்றை மறைத்துக்கொண்டு நின்றது. காற்று இருந்தாலும் இந்த ஆமை வேகத்தில் அதை யார் மறைத்து யாருக்கு என்ன லாபம்? இல்லாத கச்சானுக்கு இவர் ஒளிந்துகொண்டிருந்தார். ஒளிவதற்காக ஒரு சின்னப் பொடியனின் மூச்சுக்குத் தன் மூச்சைக் கட்டியிருந்தார்.

நான் கத்தினேன். அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“மச்சான்! அவன உட்டுடுங்க! இங்க காத்தில்ல! நிமிந்து ஓடுங்க! உங்கட பாட்டுக்கு ஓடுங்க!”

“விசரா புள்ள உனக்கு?” காக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். “உடாதீங்க மச்சான்! ஒட்டுங்க!”

இரண்டு குரலும் அவருக்குக் கேட்டிருக்கும். இத்தனை வருஷமும் தெருவில் அவர் கேட்டது காக்காவின் குரலைத்தான். தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது, குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு கையைக் கைபிடியின் மேலே எடுத்து வைத்து நெஞ்சை நிமிர்த்தினார். பொடியனின் சில்லு ஒரு சாண் தள்ளிப் போனது, ஒரு முழம் தள்ளிப் போனது, வளைவில் திரும்பி மறைந்தது. இவர் எங்களைக் கடந்து போனபோது மூச்சு விசில் மாதிரிக் கேட்டது.

காக்கா தலையில் கை வைத்துக்கொண்டு தெருக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். “முடிச்சிட்டாய். அவரு பத்து வருஷமாப் பட்ட பாட்ட ஒரு சொல்லால முடிச்சிட்டாய்.”

பின்னால் வந்த ஒருவன் எங்களைக் கடந்தான். பிறகு மூன்று பேர் ஒன்றாக. பிறகு இன்னும் ஒரு கூட்டம், நான் எண்ண எண்ணப் பத்தைத் தாண்டியது. ஐயோ, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே. இன்னும் ஒரு வருஷம். இன்னும் ஓர் இறக்கம். நானே என் வாயால் இழுத்து விட்டுக்கொண்டேனே என்று அழுகை வந்தது. வேனில் ஏறி, காக்கா, போங்க, போங்க என்றேன். கூட்டத்தை விலக்கிப் போக வழியில்லை. காக்கா ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார்.

மேல் வளைவுகள் வந்தபோது தெருவில் ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். சற்று முன் எங்களைக் கடந்து பாய்ந்தவர்களில் இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவன் மதகில் சாய்ந்து வாந்தி எடுத்தான். ஒவ்வொருவரையும் கடக்கும்போது இவர்தானா என்று எட்டிப் பார்த்தேன். இவர் இல்லை. மூடுபனி வந்தது. அதற்குள் ஒரு முதுகு தெரிந்தது. நிமிர்ந்த முதுகு. எழும்பவும் இல்லை, பாயவும் இல்லை. ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். ஒருவனைப் பிடித்து, கடந்து, அவனைத் திரும்பியும் பார்க்காமல் போனார்.

காக்கா மெல்லச் சொன்னார்: “இவரு இப்பிடி ஏறி நான் பாத்ததில்ல.”

கண்டியில் முடிவுக் கோட்டுக்கு நாங்கள் முந்திப் போய்விட்டோம். நான் கூட்டத்துக்குள் புகுந்து நின்று விரலை மடக்கினேன். மலைநாட்டுப் பொடியன் முதலாவது. பிறகு ஒவ்வொன்றாக. எட்டாவது விரலை மடக்கி நிமிர்ந்தபோது அவர் வந்தார். ஒன்பது. நான் மறுபடியும் எண்ணினேன். ஒன்பதுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அங்கேயே குந்திவிட்டேன்.

அன்று பின்னேரம் காக்காவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தங்கினோம். அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் கையில் கொடுத்தேன். முகத்தில் களைப்பே இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“காத்தில்லையெண்டு உனக்கு எப்பிடித் தெரிஞ்ச?”

“முக்காடு அசையல்ல.”

சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். பிறகு கடைசி வளைவுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மூச்சு எப்படித் திறந்தது, கால் எப்படித் தானாகச் சுற்றியது, யாருடைய சில்லையும் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறியது. இருபது வயது மாதிரிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நடுவில் சட்டென்று நின்றது பேச்சு. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இவ்வளவு காலமும் மலையக் கச்சானெண்டு நினைச்சி ஏறி இரிக்கன் புள்ள. ஏறுற எப்பிடியெண்டு இண்டைக்குத்தான் விளங்கின.” கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, “சரி, சொன்னது சொன்னதுதான். நாளையோட விட்டிருவன்.”

நான் அல்லாஹ்விடம் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தொடையைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பெரிய வாக்கை என் மடியில் போட்டுவிட்டு இந்த மனுஷன் எப்படிச் சும்மா இருக்கிறார்? கோபத்தோடு கோபமாகத்தான் சொன்னேன்.

“உங்கட வாக்கும் நீங்களும். அடுத்த வருஷமும் ஓடுங்க. நான் வேன்ல வராம மலைப் பக்கம் போகப்படா, அவ்வளவுதான்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நான் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அந்த வீட்டுக்கார ராத்தாவுக்கு முன்னால் நின்று அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் இறக்கம். தெரு ஈரமாக இருந்தது. முன்னால் அவருடைய முதுகு ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்து அடுத்த வளைவுக்குள் சாய்ந்தது. நான் முன் இருக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தன. காக்கா பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பயமா இரிக்கா புள்ள? மெதுவாப் போகட்டா?”

“பயந்தான். நீங்க கெதியா உடுங்க காக்கா, அவரு கண்ணுக்குத் தெரியாமப் போறாரு.”